ஒப்புக்குச் சப்பாணி டிரான்சிஸ்டர்

இன்னைக்கு எபிசோடை ஒரு அட்டைப்பெட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

2007. நான் அப்போ அஞ்சாவது படிக்கிறேன். வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து மூணு மாசம் ஆகியிருந்தது. ஸ்பீக்கர் வேணும்னு தினமும் நச்சரிச்சு, கடைசியில தீபாவளி போனஸ் வந்ததும் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனார். ஷெல்ஃபுல ரெண்டு செட் இருந்தது. ஒண்ணு 800 வாட்ஸ், இன்னொண்ணு 1200 வாட்ஸ். விலையில முந்நூறு ரூபாய் வித்தியாசம். அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "இதுல எது சார் பவர் ஜாஸ்தி?" கடைக்காரர் எதுவும் பேசலை. பெட்டியைத் திருப்பி, அந்த 1200-ஐ விரலால தட்டிக் காட்டினார். அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, முந்நூறு ரூபாயைச் சேர்த்து எண்ணிக் கொடுத்தார்.

1200-க்குக் கீழே பொடி எழுத்துல பி.எம்.பி.ஓ.ன்னு நாலு எழுத்து இருந்தது. அது என்னன்னு எங்களுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

மறுநாள் ஸ்கூல்ல நான் சும்மா இருப்பேனா? "எங்க வீட்டு ஸ்பீக்கர் 1200 வாட்ஸ்டா." அடுத்த ஒரு வருஷத்துக்கு இதுதான் என் பேச்சு.

அப்புறம் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்தவன், கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பின்னாடி தூசி தட்டிட்டு இருந்தேன். ஸ்பீக்கரோட முதுகுல ஒரு வெள்ளி ஸ்டிக்கர். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 25 வாட்ஸ். அதாவது அந்தப் பெட்டி சுவத்துல இருந்து இழுக்கிற மொத்தக் கரன்ட்டே 25 வாட்ஸ்தான். உள்ளே போறது 25, வெளியே வர்றது 1200. இது உண்மையா இருந்தா எங்க அப்பா வாங்கினது ஸ்பீக்கர் இல்லை, மின்சார வாரியத்தையே மூடவைக்கிற கண்டுபிடிப்பு.

சாதாரண இஸ்திரிப் பெட்டி சுமார் 1000 வாட்ஸ். 1200 வாட்ஸ் வேணும்னா 230 வோல்ட்ல அஞ்சு ஆம்பியருக்கு மேல கரன்ட் போகணும். எங்க ஸ்பீக்கருக்கு இருந்தது இயர்ஃபோன் வயரை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு வயர். பத்தாவது பிசிக்ஸ் தெரிஞ்ச யாரும் கண்டுபிடிச்சிருக்கலாம். நான் ஒன்பது வருஷம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அப்பா ஹால்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தார். நான் அவர்கிட்ட எதுவும் சொல்லலை. ஸ்பீக்கரைத் திரும்ப சுவத்துப் பக்கம் தள்ளி வெச்சுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வீட்டுப் பொருள்கள்ல இருக்கிற உதவாத வசதிகள்னு சொன்னா, நாம எல்லாரும் வைஃபை வெச்ச கீசரையும் டிவி ஒட்டின ஃப்ரிட்ஜையும் சொல்லிச் சிரிப்போம். யாருடா இதையெல்லாம் யூஸ் பண்றான்னு கேட்போம். நான் கொஞ்சம் பழைய சரித்திரத்தைத் தோண்டிப் பார்த்ததுல எனக்குத் தோணினது வேற. வீட்டுல வேலையே செய்யாத ஒரு வசதி, வேற ஒரு இடத்துல ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கும். அந்த இடம் கடை. வாங்கறவர் ரெண்டு பெட்டிக்கு நடுவுல நின்னு யோசிக்கிற அந்த அஞ்சு நிமிஷம். அங்கே அவரால பாட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது, துணி துவைச்சுப் பார்க்க முடியாது. எண்ணிக்கையைத்தான் பார்க்க முடியும்.

இதோட சுத்தமான உதாரணம் டிரான்சிஸ்டர் ரேடியோ.

1954 அக்டோபர்ல அமெரிக்காவுல ரீஜென்சி டிஆர்-1 அப்படின்னு ஒரு ரேடியோவை அறிவிச்சாங்க. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செஞ்ச டிரான்சிஸ்டரை வெச்சு, இண்டியானாபோலிஸ்ல இருந்த ஒரு கம்பெனி தயாரிச்சது. விலை 49.95 டாலர். கடைக்கு விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அதுதான். உள்ளே எத்தனை டிரான்சிஸ்டர் தெரியுமா? நாலு. அப்போ ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் விலை ஜாஸ்தி. விலையை ஐம்பது டாலருக்குள்ள அடக்கணும்னா நாலுக்கு மேல வைக்க முடியாது. அதனால சர்க்யூட்டைக் கசக்கிப் பிழிஞ்சு நாலுல முடிச்சாங்க. இது உண்மையான இன்ஜினியரிங். குறைவான பொருள்ல வேலையை முடிக்கிறதுக்குப் பேர்தான் அது.

அடுத்த வருஷம் ஜப்பான்ல, பிற்பாடு சோனின்னு பேர் மாத்திக்கிட்ட கம்பெனி, டிஆர்-55ங்கிற அஞ்சு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டு வந்தது. 1957-ல் டிஆர்-63. அதுல ஆறு. இந்த டிஆர்-63 பத்தி ஒரு குட்டிக் கதை. சட்டைப் பையில அடங்குற ரேடியோன்னு விளம்பரம் பண்ணாங்க. ஆனா ரேடியோ சாதாரண சட்டைப் பையை விடக் கொஞ்சம் பெருசு. என்ன பண்ணாங்க? சேல்ஸ்மேன்களுக்குக் கொஞ்சம் பெரிய பை வெச்சு சட்டை தைச்சுக் கொடுத்தாங்க! அகியோ மொரிட்டாவே தன்னோட சுயசரிதையில இதைச் சொல்லியிருக்கார். ரேடியோவைச் சின்னதாக்க முடியலைன்னா சட்டையைப் பெருசாக்கு. நான் பார்த்த சில ப்ராடக்ட் டெமோக்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வருது, அதை விடுங்க.

நாலு, அஞ்சு, ஆறுன்னு ஏறின வரைக்கும் அந்த எண் பொய் சொல்லலை. ஒரு மீடியம் வேவ் ரேடியோவுக்கு ஆறு டிரான்சிஸ்டர் எதுக்குன்னு பாருங்க. ஏரியல்ல வர்ற சிக்னலை வேற ஃப்ரீக்வென்சிக்கு மாத்த ஒண்ணு. அதைப் பெருக்க ரெண்டு. அதுல இருந்து குரலைப் பிரிச்சு எடுக்க ஒரு டயோடு போதும். பிரிச்ச குரலைக் கொஞ்சம் தூக்கிவிட ஒண்ணு. ஸ்பீக்கரை ஆட்டிவைக்க, ஆளுக்குப் பாதி வேலைன்னு, ரெண்டு. மொத்தம் ஆறு. இன்னொரு கட்டம் சேர்த்தா தூரத்து ஸ்டேஷனும் கொஞ்சம் தெளிவா கேட்கும், அப்போ ஏழு, எட்டு. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் இருக்கிற பாக்கெட் ரேடியோவுல அதுக்கு மேல சேர்த்தா காதுக்குத் தெரியற வித்தியாசம் ரொம்பக் குறைவு.

ஆனா அதுக்குள்ள ஜனங்க கத்துக்கிட்டாங்க. நாலை விட ஆறு நல்லது, ஆறை விட எட்டு நல்லது. ரேடியோ முகப்புலயே "6 டிரான்சிஸ்டர்", "8 டிரான்சிஸ்டர்"னு தங்கக் கலர் எழுத்துல அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. அறுபதுகள்ல டிரான்சிஸ்டர் விலை மடமடன்னு இறங்கிடுச்சு. ஜப்பானோட ஹாங்காங்கும் தைவானும் போட்டிக்கு வந்தாச்சு. அமெரிக்கக் கடைகள்ல 10, 12, 14, 16ன்னு எண் ஏறிக்கிட்டே போச்சு.

இப்போ அந்த ரேடியோக்களைச் சேகரிக்கிறவங்க பின்மூடியைக் கழட்டினா வேடிக்கையா இருக்கும். 16 டிரான்சிஸ்டர்னு போட்டிருந்தா நிஜமாவே 16 இருக்கும். எண்ணிப் பார்த்துக்கலாம். ஆனா சிலதோட கால்கள் எங்கேயும் போகாத செம்புத் துண்டுல பத்தவெச்சிருக்கும். சிலதுக்கு ரெண்டு காலை ஒண்ணாச் சேர்த்து, ஒரு சாதாரண டயோடு செய்ய வேண்டிய வேலைக்கு உட்கார வெச்சிருப்பாங்க. ஃபேக்டரி டெஸ்ட்ல தேறாத டிரான்சிஸ்டர்கள் கொள்ளை மலிவு. சும்மா நிக்கிறதுக்கு அது போதுமே.

தெருவுல கிரிக்கெட் ஆடும்போது ஆள் கணக்குக்காக ஒரு குட்டிப் பையனைச் சேர்த்துக்குவோமே. பேட்டிங்கும் கிடையாது, பவுலிங்கும் கிடையாது, பவுண்டரி பக்கத்துல நிப்பான். ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்வோம். அந்தச் சொல் இன்னைக்குக் கேட்க நல்லா இல்லைதான், ஆனா இந்த டிரான்சிஸ்டருக்கு இதை விடப் பொருத்தமான பேர் எனக்குக் கிடைக்கலை.

பெரும்பாலும் இதைப் பண்ணது பேரே கேள்விப்படாத பிராண்டுகள்தான். டிரான்சிஸ்டருக்கு முன்னாடி வால்வ் ரேடியோ காலத்துலயும் எண்ணிக்கைக்காக வால்வ் சேர்த்த செட்டுகள் இருந்தது. ஆக, புது வியாதி இல்லை.

எனக்கு இதுல ஒரு காட்சி மட்டும் மனசை விட்டுப் போகலை. அந்தக் காலத்து ஜப்பான்ல ரேடியோ ஃபேக்டரி வேலைக்கு கிராமங்கள்ல இருந்து இளம் பெண்கள் நிறையப் பேர் வந்தாங்க. டிரான்சிஸ்டர் பெண்கள்னே அவங்களுக்குப் பேர். மாசக்கணக்குல சால்டரிங் பழகின கை. அப்படிப்பட்ட ஒரு கைதான் அந்த வெத்து டிரான்சிஸ்டரையும் பத்தவெச்சிருக்கணும். நல்ல டிரான்சிஸ்டருக்கும் வெத்து டிரான்சிஸ்டருக்கும் அதே ஈயம், அதே சூடு, அதே கவனம். இது எங்கேயும் போகாத கால்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி எனக்கே தேவைப்படும்.

1968-ல் அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் இதுக்குன்னே ஒரு விதி போட்டது. ரேடியோவுல இருக்கிற டிரான்சிஸ்டர் எண்ணிக்கையைப் பத்தின ஏமாத்து வேலைக்குன்னு தனி விதி! யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பேர் இதைச் செஞ்சிருந்தா இதுக்குன்னு ஒரு அரசாங்க அமைப்பு உட்கார்ந்து எழுதியிருக்கும். அந்த விதி மூணு வகை டிரான்சிஸ்டரைக் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு சொன்னது. முதல் வகை, வெறும் வெத்து. ரெண்டாவது, கனெக்‌ஷன் இருக்கும், ஆனா ரேடியோவுல டிரான்சிஸ்டர் வழக்கமா செய்ற வேலை எதையும் செய்யாது. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. ஒண்ணோட ஒண்ணாச் சேர்த்துவெச்சு கரன்ட் எல்லாம் ஓடும், ஆனா அது இருக்கிறதால ரேடியோ துளி கூட மேம்படாது. அதையும் எண்ணக்கூடாது.

இந்த மூணாவது வகையை எழுதினவர் கண்டிப்பா ஒரு நல்ல இன்ஜினியர்கிட்ட பேசியிருக்கணும். முதல் வகையைப் பிடிக்கிறது சுலபம், மூடியைத் திறந்தா தெரியும். மூணாவது வகை மீட்டர் வெச்சுப் பார்த்தாலும் உயிரோட இருக்கும். "வேலை செய்யுதா"ன்னு கேட்டா செய்யுதுன்னுதான் பதில் வரும். "எடுத்துட்டா என்ன ஆகும்"னு கேட்டாதான் மாட்டும்.

ரேடியோவுல மட்டுமா இது நடந்தது? அதே வருஷங்கள்ல வாட்ச்லயும் நடந்தது. எங்க தாத்தாவோட எச்.எம்.டி. வாட்ச்ல 17 ஜுவல்ஸ்னு போட்டிருக்கும். நகை மாதிரி ஏதோ அலங்காரம்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். இல்லை. வாட்சுக்குள்ள பல் சக்கரங்களோட அச்சு சுத்துற குழிகள்ல, உராய்வு குறையவும் தேய்மானம் இல்லாம இருக்கவும் சின்னச் சின்ன மாணிக்கக் கல்லைப் பதிப்பாங்க. 1704-லேயே லண்டன்ல இதுக்குப் பேடன்ட் வாங்கியிருக்காங்க. 1902-ல் வெர்னுய்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்ற முறையை வெளியிட்ட பிறகு கல்லோட விலை ஒண்ணுமில்லாம போச்சு. கையால சாவி கொடுக்கிற வாட்சுக்கு 17 கல் இருந்தா தேவையான இடமெல்லாம் நிரம்பிடும். ஆட்டோமேட்டிக்னா இன்னும் சில, 21, 25.

அறுபதுகள்ல வால்தம்ங்கிற பேர்ல 100 ஜுவல் வாட்ச் ஒண்ணு வந்தது. 17 கல் வேலை செய்ற இடத்துல இருந்தது. மீதி 83? ஆட்டோமேட்டிக் வாட்சுக்குள்ள சுத்துற அரைவட்டத் தகடு ஒண்ணு இருக்குமே, அதோட விளிம்புல ஓட்டை போட்டு வரிசையா சொருகி வெச்சிருந்தாங்க. அச்சும் இல்லை, உராய்வும் இல்லை. சும்மா தகடோட சேர்ந்து ராட்டினம் சுத்திட்டு இருந்தது. கடைசியில 1974-ல் ஐ.எஸ்.ஓ. 1112ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்து, வேலை செய்யாத கல்லை எண்ணிக்கையில சேர்க்கக்கூடாதுன்னு சொல்லுச்சு.

ரெண்டு கதையும் ஒரே மாதிரி போகுது, கவனிச்சீங்களா? எண்ணிக்கை ஆரம்பத்துல நேர்மையானது. ஆறு டிரான்சிஸ்டர் ரேடியோ நாலு டிரான்சிஸ்டர் ரேடியோவை விட நிஜமாவே நல்லாப் பாடும். 17 கல் வாட்ச் 7 கல் வாட்சை விட நிஜமாவே நாள்பட உழைக்கும். அதனாலதான் ஜனங்க அந்த எண்ணை நம்பினாங்க. நம்பினது முட்டாள்தனம் இல்லை. நம்பிக்கை வந்த பிறகுதான், அந்த எண்ணை மட்டும் தனியாப் பிரிச்சு விக்கலாம்னு யாருக்கோ தோணியிருக்கு. பத்து வாட்ஸை விட இருபது வாட்ஸ் ஸ்பீக்கர் அதிகச் சத்தம் போடும். அது உண்மைதானே? அப்போ எங்க அப்பா கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான்.

வாட்ஸ் கதைக்கே வர்றேன். எழுபதுகள்ல அமெரிக்காவுல ஹை-ஃபை மோகம். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயர் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வாட்ஸ் கணக்கு எழுதுச்சு. ஒருத்தர் மியூசிக் பவர்னு எழுதுவார், ஒருத்தர் பீக் பவர்னு எழுதுவார். மறுபடியும் அதே ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் ஒரு விதி கொண்டு வந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் போட்டா, அது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சராசரி பவரா இருக்கணும். அதை அளக்கிறதுக்கு முன்னாடி, சொன்ன பவர்ல மூணுல ஒரு பங்குல ஒரு மணி நேரம் ஓடவிட்டு சூடேத்தணும். பொய்யான ஆம்ப்ளிஃபயர் அந்த ஒரு மணி நேரத்துலேயே புகைய ஆரம்பிச்சுடும். பரீட்சைன்னா இப்படி இருக்கணும்.

நம்ம ஊர் மார்க்கெட்டுக்கு வந்த மலிவு விலை ஸ்பீக்கர் பெட்டிகள்ல அந்தப் பரீட்சை எதுவும் இல்லை. பி.எம்.பி.ஓ. இருந்தது. பீக் மியூசிக் பவர் அவுட்புட். அதை எப்படி அளக்கணும்னு ஒத்துக்கிட்ட ஸ்டாண்டர்ட் எதுவும் கிடையாது. எங்க வீட்டு ஸ்பீக்கரை வெச்சே ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே போறது 25 வாட்ஸ். ஆம்ப்ளிஃபயர்ல பாதி சூடாப் போயிடும்னு வெச்சா, ஸ்பீக்கருக்கு வர்றது 12 வாட்ஸ். சைன் வேவோட உச்சியில மட்டும் அளந்தா ரெண்டு மடங்கு, 24. இது வரைக்கும் பாடப்புத்தகத்துல இடம் இருக்கு. 24-ல இருந்து 1200-க்குப் போக இன்னும் ஐம்பது மடங்கு வேணும். அந்த ஐம்பது மடங்கு எந்தச் சர்க்யூட்லயும் இல்லை. பெட்டியை டிசைன் பண்ணவரோட கம்ப்யூட்டர்ல இருந்தது.

யோசிச்சுப் பார்த்தா இது டிரான்சிஸ்டர் ஏமாத்தை விட ஒரு படி கீழே. அங்கேயாவது ஒரு டிரான்சிஸ்டரைக் காசு கொடுத்து வாங்கி, ஒருத்தர் உட்கார்ந்து பத்தவெக்கணும். இங்கே மை மட்டும் செலவு.

இந்த இடத்துல கம்ப்யூட்டர்காரங்க சார்பா ஒண்ணு சொல்லிடறேன். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வந்த கம்ப்யூட்டர் கேபினெட் முகப்புல, டிஜிட்டல் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன டிஸ்ப்ளே இருக்கும். 33, 66ன்னு பிராசஸர் வேகத்தைக் காட்டும். பக்கத்துல டர்போ பட்டன். அழுத்தினா எண் மாறும். பார்க்கிறவங்களுக்கு, அது உள்ளே வேகத்தை அளந்து காட்டுதுன்னுதான் தோணும். கிடையாது. அந்த டிஸ்ப்ளேக்குப் பின்னாடி ஜம்பர்னு சொல்ற குட்டிப் பின்கள் இருக்கும். அசெம்பிள் பண்றவர் அதை எப்படிச் சொருகறாரோ அந்த எண் தெரியும். 99-னு வெச்சா 99. பிராசஸருக்கும் அந்த எண்ணுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

ஃபோன் கேமராவைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். முதுகுல நாலு கண் வெச்ச பட்ஜெட் ஃபோன் எல்லாரும் வெச்சிருந்தோம். அதுல அந்த ரெண்டு மெகாபிக்சல் மேக்ரோவைக் கடைசியா எப்போ திறந்தீங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்போ என் கதை. இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

காலேஜ் முடிச்சதும் என் முதல் வேலை, வீட்டு உபயோகப் பொருள்களோட கன்ட்ரோல் போர்டுக்கு சாஃப்ட்வேர் எழுதற ஒரு டீம்ல. கம்பெனி பேர் வேண்டாம். ஒரு நாள் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. நம்ம வாஷிங் மெஷின்ல பத்து ப்ரோக்ராம் இருக்கு, போட்டிக் கம்பெனி மாடல்ல பதினாலு இருக்கு, நாலு சேர்க்கணும். மோட்டார் அதேதான், டிரம் அதேதான், ஹீட்டர் அதேதான். கோடுல ஒரு டேபிள் இருக்கும். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு வரிசை: தண்ணி எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் துவைக்கணும், எத்தனை தடவை அலசணும், எவ்வளவு வேகத்துல பிழியணும். அவ்வளவுதான் ஒரு ப்ரோக்ராம்.

நான் டெய்லி வாஷ் வரிசையைக் காப்பி பண்ணி அதுக்கு மிக்ஸ்டுன்னு பேர் வெச்சேன். சிந்தெட்டிக்கைக் காப்பி பண்ணி ஸ்போர்ட்ஸ் வேர். இன்னும் ரெண்டு, பேர் ஞாபகம் இல்லை. சீனியர் அண்ணன் ஒருத்தர் ரிவ்யூ பண்ணிட்டு, "டேய், ரெண்டும் அச்சு அசலா இருக்கே. ஒரு ரெண்டு நிமிஷமாச்சும் கூட்டிடு"ன்னு சொன்னார். கூட்டினேன். 45 நிமிஷம் 47 ஆச்சு. மொத்தம் அரை நாள் வேலை. டெஸ்ட் எல்லாம் பாஸ். சாயங்காலம் கேன்டீன்ல டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

அப்போ எனக்கு 1968 விதியெல்லாம் தெரியாது. அதைப் படிச்சப்போ, அந்த மூணாவது வகை வந்ததும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். கரன்ட் ஓடும், ஆனா எதுவும் மேம்படாது. என் 47 நிமிஷம்.

ஜப்பான்ல அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு கேட்டேன் இல்லையா? அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். ரிவ்யூ பண்ண அண்ணனுக்கும் தெரியும். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அது பொய்னு அப்போ தோணலை, அதுதான் விசித்திரம். டிக்கெட்டை முடிச்சோம்னுதான் தோணுச்சு. மேனேஜர் கெட்டவர் இல்லை. போட்டிக் கம்பெனி பதினாலு போட்டதால நாங்க போட்டோம். அவங்க யாரைப் பார்த்துப் போட்டாங்களோ. ரேடியோ முகப்புல ஏழுக்கு எட்டு, எட்டுக்குப் பத்துன்னு ஏறினதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சும்மா இருக்கிற வசதியால யாருக்கு என்ன நஷ்டம்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். பேனல்ல பத்துப் பேர் இருந்த இடத்துல பதினாலு பேரை அடக்க, எழுத்தோட சைஸைக் குறைச்சாங்க. அந்த வேலையைச் செஞ்சது வேற டீம், அதனால நான் கண்டுக்கலை.

2021-ல் எங்க வீட்டுப் பழைய வாஷிங் மெஷின் போயிடுச்சு. அப்பா, அம்மா, நான் மூணு பேரும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை ஷெல்ஃப் இல்லை, பெரிய ஷோரூம். ரெண்டு மெஷின் பக்கத்துல பக்கத்துல. அப்பா சேல்ஸ் பையன்கிட்ட கேட்டார், "தம்பி, இதுல எத்தனை ப்ரோக்ராம்? அதுல எத்தனை?" பையன் சொன்னான், இதுல பத்து, அதுல பதினாலு. ரெண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இதுலதானேப்பா வேலை பார்த்தே, நீயே சொல்லு."

நான் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னேன். டேபிள், காப்பி பண்ண வரிசை, ரெண்டு நிமிஷம், எல்லாம். சொல்ற வேகத்துல ஸ்பீக்கர் ஸ்டிக்கரையும் சேர்த்துச் சொல்லிட்டேன். 1200 வாட்ஸ் எல்லாம் பொய்ப்பா, 12 கூடத் தேறாதுன்னு.

அப்பா சாதாரணமா சொன்னார். "அது தெரியும்டா. வாங்கின அடுத்த வருஷமே வால்யூம் கன்ட்ரோல் போச்சுன்னு டிவி மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போனேன்ல. அவன் பிரிச்சுப் பார்த்துட்டு, சார் இது பத்து வாட்ஸ் கூட வராதுன்னு சிரிச்சான். நீ ஸ்கூல் பூரா 1200, 1200னு சொல்லிட்டுத் திரிஞ்சே. சரி, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை. பக்கத்துல சேல்ஸ் பையன் இஎம்ஐ விவரத்தோட நின்னுட்டு இருந்தான்.

நாங்க பத்து ப்ரோக்ராம் மெஷினைத்தான் வாங்கினோம். அதுலயும் அம்மா ஒண்ணே ஒண்ணைத்தான் போடறாங்க. பேனல் எழுத்து அவங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியலை. அதனால டெய்லி வாஷுக்கு நேரா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. நாப்பைக் கொண்டுபோய்ப் பொட்டுக்கு நேரா நிறுத்துவாங்க, பட்டனை அமுக்குவாங்க, அவ்வளவுதான். தண்ணி பட்டுப் பட்டு மாசத்துக்கு ஒரு தடவை விழுந்துடும், புதுசு ஒட்டுவாங்க.

நான் வேலை பார்த்த அந்த பதினாலு ப்ரோக்ராம் மெஷின் இப்பவும் கடையில இருக்கு. போன மாசம் கூடப் பார்த்தேன். புது மாடல்ல பதினாறு.

டர்போ பட்டன் எதுக்கு இருந்ததுன்னு நிறையப் பேர் கேட்பீங்கன்னு தெரியும். பேர்தான் டர்போ, அது உண்மையில கம்ப்யூட்டரை மெதுவாக்கறதுக்குத்தான் தேவைப்பட்டது. அந்தக் கதை அடுத்த எபிசோட்ல. உங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் அமுக்காத பட்டன் எதுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அதையும் அதுல சேர்த்துக்கலாம். வரட்டுமா.